நாடாளுமன்றக் கேள்வி வந்தால் என்ன செய்வது? அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தேர்வெழுதி, டெல்லியில் ஒரு மத்திய அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து, இரண்டாம் நாளே "நீங்க பார்லிமென்ட் செக்‌ஷன்" என்று அனுப்பிவைக்கப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அமைச்சகத்துக்கும் அவைக்கும் நடுவே தபால் கொண்டுபோகிற வேலை என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதல் கூட்டத்தொடர் முடிவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது.

வேலை கடினமானதில்லை. வரிசைதான் முக்கியம். எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசிக்கு விடுகிறோம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இங்கே சொல்வதெல்லாம் மக்களவை, மாநிலங்களவைக் கேள்விகளுக்குப் பொருந்தும். மாநிலச் சட்டமன்றங்களில் விதி எண்ணும் கெடுவும் வேறு.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைக் கேள்வியை முழுக்கக் கூடவே கொண்டுபோகலாம்:

(அ) இலங்கைச் சிறைகளில் தற்போது உள்ள தமிழக மீனவர்கள் எத்தனை பேர். (ஆ) பிடித்துவைக்கப்பட்ட படகுகள் எத்தனை. (இ) பாக் நீரிணை மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற அரசு என்ன உதவி செய்கிறது. (ஈ) பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரும் திட்டம் உண்டா?

நான்கு வரிதான். நான்கும் நான்கு திசையில் ஓடும்.

1. கூட்டத்தொடருக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

கேள்வி வந்த பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. கணக்கைப் பாருங்கள். கேள்வி கேட்கும் உறுப்பினர் முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அது அவைச் செயலகத்துக்குப் போய், குலுக்கலில் வரிசை பெற்று, விதிகளுக்கு உட்பட்டதுதானா என்று பார்க்கப்பட்ட பிறகே ஏற்கப்படும். ஏற்கப்பட்டதாக அமைச்சருக்குத் தெரிவித்து 5 நாள் கழியாமல் பதிலுக்கான பட்டியலில் ஏறாது என்பது மக்களவை விதி. அதாவது, உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது அந்த 5 நாள் மட்டும்தான். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் அதுவும் போச்சு.

அதனால் முதலில் நாள் அட்டவணையை எடுங்கள். எல்லா அமைச்சகங்களையும் ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் அமைச்சருக்கு மக்களவையில் எந்தக் கிழமை, மாநிலங்களவையில் எந்தக் கிழமை என்று பார்த்து, சுவர்க் காலண்டரில் இரண்டு நிறத்தில் குறித்து வையுங்கள். சின்னப்பிள்ளை வேலைபோலத் தெரியும். கூட்டத்தொடரின் மூன்றாம் வாரத்தில் அந்தக் காலண்டர்தான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது, உங்கள் அமைச்சகம் கடந்த மூன்று ஆண்டுகளில் தந்த பதில்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சக வாரியாகத் தேடி எடுக்கலாம். பொருள் வாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை பழைய கேள்விகளின் அண்ணன் தம்பிகள்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு பிரிவிலும் களத்திலும் பதில் சொல்லப் பொறுப்பான ஒருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும். பதவிப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பதவிப் பெயர் தொலைபேசியை எடுக்காது. இந்தி மொழிபெயர்ப்பாளர்களில் யார் எந்த நாளில் இருப்பார்கள் என்ற பட்டியலும் இதோடு சேரட்டும். அவையின் அதிகாரிகள் மாடத்துக்கான நுழைவுச் சீட்டுகளுக்கும் இப்போதே எழுதிவிடுங்கள்.

2. கேள்வி கைக்கு வந்ததும் முதல் அரை மணி நேரம்

யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் படியுங்கள்.

எந்த அவை, எந்த நாள், எந்த எண், நட்சத்திரக் குறி உண்டா இல்லையா என்ற நான்கையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். நட்சத்திரக் குறியிட்டதற்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார். அதன்மேல் துணைக் கேள்விகள் வரும். குறியில்லாததற்கு எழுத்துப் பதில், அதோடு சரி. அலுவலகப் பேச்சில் இவற்றை 'ஸ்டார்டு', 'அன்ஸ்டார்டு' என்பார்கள். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், தொலைபேசியில் கேட்டால் இரண்டு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, குறியில்லாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கு. இருப்பது ஒரு மணி நேரம். அதில் நான்கைந்து நட்சத்திரக் கேள்விகளைத் தொட்டாலே பெரிது. தொடாமல் விட்டவற்றின் பதில் எழுத்துப் பதிலாகவே கொள்ளப்படும்.

"நம்முடையது பட்டியலில் ஒன்பதாவது, வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னால் இருக்கும் நாலைந்து உறுப்பினர்கள் அன்று அவைக்கு வராவிட்டால் போதும், ஒன்பதாவது சடாரென்று முன்னுக்கு வந்துவிடும். அப்படி வந்து நின்ற ஒரு நாளில் எங்களிடம் துணைக் கேள்விக் குறிப்பு பாதிதான் இருந்தது.

3. இது நம்முடைய கேள்விதானா?

நம் மீனவர் கேள்வியையே எடுங்கள். (அ), (ஆ) இரண்டும் வெளியுறவு அமைச்சகத்தைச் சேர்ந்தவை. கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் யாழ்ப்பாணத்தில் உள்ள துணைத் தூதரகமும்தான் அந்த எண்ணைத் தர முடியும். (இ) மீன்வளத்துக்கான அமைச்சகத்துடையது. (ஈ)-யில் பாதி மாநில அரசின் விஷயம். கடல் எல்லைக்கு உள்ளே மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலிலும், எல்லைக்கு வெளியே மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலிலும் இருக்கிறது. ஆக, ஒரே கேள்வி அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் இரண்டு பட்டியல்களில் கால் வைத்து நிற்கிறது.

யாருடைய பொருள் என்று முடிவுசெய்ய 1961-ஆம் ஆண்டின் பணி ஒதுக்கீட்டு விதிகளைப் பாருங்கள். உங்களுடையது அல்ல என்றால், மாற்றிவிடும் வேலையை அன்றே செய்யுங்கள். வரிசை இப்படி: முதலில் அந்த அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுங்கள். பிறகு எழுத்தில் அனுப்பி, ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அவைச் செயலகத்துக்குத் தெரிவியுங்கள்.

புதியவர்கள் செய்யும் தவறு: கடிதத்தை அனுப்பிவிட்டுக் கேள்வி போய்விட்டது என்று நினைப்பது. எதிர்த்தரப்பு எழுத்தில் ஏற்கும்வரை அது உங்களுடையதுதான். கடைசி நாளில் திரும்பி வந்தால் அதற்குப் பதில் தயாரிக்க வேண்டியதும் நீங்கள்தான். அதனால் மாற்றல் கடிதம் போன பிறகும், ஏற்பு வரும்வரை வரைவு வேலையை நிறுத்தாதீர்கள்.

பொருளின் பெரும்பகுதி உங்களுடையதாக இருந்து, ஒரு உட்பிரிவு மட்டும் வேறிடத்தைச் சேர்ந்தது என்றால் மாற்ற முயலாதீர்கள். அந்த உட்பிரிவுக்கான தகவலை மட்டும் அவர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்ப்பதுதான் நடைமுறை. கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டி நாலு அமைச்சகங்களுக்கு விநியோகிக்க முடியாது.

4. தகவல் திரட்டுவது

கேள்வியை அப்படியே நகலெடுத்து "உடனடி" என்று முத்திரை குத்தி எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்புவது ஒரு வழி. எல்லாரும் செய்வது அதுதான். எதுவும் ஒழுங்காகத் திரும்பி வராது.

அதற்குப் பதிலாக, உங்களுக்கு வேண்டிய அட்டவணையை நீங்களே காலியாக வரைந்து அனுப்புங்கள். மேலே தலைப்புகள், இடப்பக்கம் மாவட்டமோ ஆண்டோ, கீழே "எந்தத் தேதி நிலவரம்" என்று ஒரு கட்டம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அலுவலர்களுக்கு நிரப்பத்தான் தோன்றும். பத்தி பத்தியாக விளக்கம் எழுதி அனுப்பும் பழக்கம் இதனால் குறையும், உங்களுக்கும் கூட்டிப் பார்ப்பது எளிது.

அந்தத் தேதிக் கட்டத்தைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். சிறையில் உள்ள மீனவர் எண்ணிக்கை தினமும் மாறும். திங்களன்று நீங்கள் எழுதிய எண், வியாழனன்று அமைச்சர் எழுந்து நிற்கும்போது பொய்யாகியிருக்கும். முந்தைய இரவு பத்துப் பேர் விடுதலையாகி விமானம் ஏறியிருப்பார்கள். தேதி குறிப்பிட்டிருந்தால் பதில் அப்போதும் சரிதான். குறிப்பிடாவிட்டால் அவையைத் தவறாக வழிநடத்தியதாக ஆகிவிடும், அது அவையின் உரிமை மீறல் வரைக்கும் போகக்கூடிய விஷயம்.

கெடுவை எப்போதும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். உங்களுக்கு வியாழன் வேண்டுமென்றால் அவர்களுக்குப் புதன். இது பொய்யில்லை, கூட்டலில் தவறு இருந்தால் திருப்பி அனுப்ப அந்த ஒரு நாள் வேண்டும். எனக்குத் தெரிந்து கூட்டல் தவறில்லாமல் வந்த மாநில வாரி அட்டவணைகள் குறைவு.

மாநில அரசுகளிடமிருந்து தகவல் வர வேண்டியிருந்தால், எல்லா மாநிலங்களும் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தெந்த மாநிலங்கள் தந்தன, எவை தரவில்லை என்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் இரண்டு இடங்களில் உதவும்: பதிலின் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், துணைக் கேள்விக் குறிப்பிலும்.

5. பதிலை எழுதுவது

முதல் விதி: கேட்டதற்கு மட்டும் பதில். இரண்டாவது விதி: கேட்ட எல்லாவற்றுக்கும் பதில். இந்த இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்கிற வரைவைப் பார்ப்பது அபூர்வம்.

உட்பிரிவு வாரியாக எழுதுங்கள். "(அ) முதல் (ஈ) வரை" என்று மொத்தமாகத் திரட்டி ஒரே பத்தியாக எழுதுவதைப் பழைய கோப்புகளில் நிறையப் பார்ப்பீர்கள். திட்டத்தின் பெருமைகளை மூன்று பத்தி எழுதிவிட்டு, கேட்ட எண்ணிக்கையை எங்கோ புதைத்துவிடலாம் என்பதுதான் அதிலுள்ள சௌகரியம். உறுப்பினர்களுக்கும் இது தெரியும். துணைக் கேள்வியே "என் (ஆ) பகுதிக்கு அமைச்சர் பதில் சொல்லவில்லை" என்றுதான் ஆரம்பமாகும். நட்சத்திரக் கேள்விக்குப் பதில் நீளமாக இருந்தால் "அறிக்கை அவை மேசையில் வைக்கப்படுகிறது" என்று சொல்லி, அறிக்கையைத் தனித்தாளில் இணைப்பது வழக்கம். அந்த அறிக்கைக்குள்ளும் உட்பிரிவு வரிசை இருக்கட்டும்.

சொற்கள். இங்கேதான் சறுக்கல் அதிகம்.

"இல்லை", "தகவல் இல்லை", "அப்படி எதுவும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை", "அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை" ஆகிய நான்கும் வேறு வேறு. வரைவு எழுதுபவருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். வெளியே போனால் எப்படி ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகத்தின் எழுத்துப் பதில். இழப்பீடு பற்றிய அடுத்த உட்பிரிவுக்கு, மேலே சொன்னதைக் கருதினால் கேள்வியே எழவில்லை என்ற வழக்கமான வாசகம். கோப்பில் பார்த்தால் ஒழுங்கான பதில். ஆனால் நாடு முழுக்கக் கண்ணால் பார்த்த சாவுகளைப் பற்றி "கேள்வி எழவில்லை" என்ற சொல், மறுநாள் செய்தித்தாளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்புகள் பற்றிய கேள்வி. பொதுச் சுகாதாரம் மாநிலப் பொருள், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று பதில் போனது. 'மாநிலங்கள் தெரிவிக்கவில்லை' என்பதுதான் அந்த வாக்கியத்தின் உயிர். வெளியே வந்தபோது 'யாரும் சாகவில்லையாம்' என்று ஆகிவிட்டது.

பாடம் என்னவென்றால், மாநிலங்களின் மௌனத்தை மேற்கோள் காட்டுவதாக இருந்தால், எத்தனை மாநிலங்களிடம் கேட்கப்பட்டது, எத்தனை பதில் தந்தன என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். பகுதி 4-இல் பட்டியல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். "கேள்வி எழவில்லை" என்ற வாசகத்தை உயிரிழப்பு, இழப்பீடு, பாலியல் குற்றம் சார்ந்த எந்தப் பதிலிலும் நான் பயன்படுத்த விடுவதில்லை. வேறு எப்படியாவது எழுதச் சொல்வேன்.

அடுத்தது, கடன் வைக்கும் சொற்கள். "பரிசீலனையில் உள்ளது", "ஆராயப்படும்", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை மேசையில் வைக்கப்படும்" ஆகியவை எழுதும்போது பாதுகாப்பானவைபோலத் தெரியும். ஒவ்வொன்றும் அவைக்கு அரசு தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் அடைக்க வேண்டிய கடன் அது. பகுதி 10-இல் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று: உண்மையிலேயே பரிசீலனையில் இல்லாத ஒன்றை "பரிசீலனையில்" என்று எழுதாதீர்கள். "தற்போது அத்தகைய முன்மொழிவு இல்லை" என்று எழுதுவது கோபத்தைக் கிளப்பலாம். அந்தக் கோபம் அன்றோடு முடியும், உறுதிமொழி முடியாது.

கடைசியாகத் தேதி. பல அமைச்சகங்களின் பதில் தாளில் ஆங்கிலத் தேதியோடு சக ஆண்டுத் தேதியும், அதாவது இந்திய தேசிய நாட்காட்டியின் தேதியும், இருக்கும். 2023 டிசம்பர் 5 என்றால் அக்ரஹாயண 14, 1945. பழைய கோப்பை நகலெடுத்து எழுதும்போது இந்த வரியை மாற்ற மறந்துவிடுவார்கள். அதுவும் பட்ஜெட் கூட்டத்தொடரில் கவனம் வேண்டும்: மார்ச் 22 அன்று, லீப் ஆண்டானால் 21 அன்று, சைத்ர மாதம் பிறந்து சக ஆண்டே மாறிவிடும். மார்ச் 20-க்கும் 27-க்கும் ஒரே ஆண்டு எழுதி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

6. துணைக் கேள்விக் குறிப்பு

நட்சத்திரக் கேள்விக்கு அச்சாகும் பதில் ஒரு பக்கம். அமைச்சரின் கையில் இருக்க வேண்டிய குறிப்புதான் உண்மையான வேலை. ஆனால் புதியவர்கள் வைக்கும் குறிப்பு 60 பக்கம் இருக்கும், திட்ட வழிகாட்டி நெறிமுறைகள் முழுதாக இணைக்கப்பட்டிருக்கும். எழுந்து நின்று பேசுகிற மனிதர் 60 பக்கத்தில் எதைத் தேடுவார்?

முதல் தாளில், எழுத்து பெரிதாக, கேள்வி, பதிலின் சாரம், மாறாத நான்கைந்து எண்கள். அவ்வளவுதான். இரண்டாம் தாளிலிருந்து, வரக்கூடிய துணைக் கேள்விகளும் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிப் பதிலும். அதற்குப் பிறகு மாநில வாரி அட்டவணை. ஒவ்வொரு பகுதிக்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்ணச் சீட்டு ஒட்டுங்கள்.

வரக்கூடிய துணைக் கேள்விகளை எப்படி ஊகிப்பது? கேட்டவர் யார் என்று பாருங்கள். ராமநாதபுரம் பக்கத்து உறுப்பினர் என்றால் அடுத்த கேள்வி ராமேஸ்வரம் பற்றித்தான் இருக்கும்: அங்கே எத்தனை படகுகள் மாறின, எத்தனை விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. அவருடைய தொகுதி எண்களைத் தனித் தாளில் வையுங்கள். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும், பிறகு மற்றவர்கள். மற்றவர்கள் எந்த மாநிலத்திலிருந்தும் எழலாம். தமிழக மீனவர் பற்றிய கேள்வியில் குஜராத் உறுப்பினர் எழுந்து பாகிஸ்தான் சிறையில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்பது ஆச்சரியமே இல்லை. அதற்கும் ஒரு தாள் வேண்டும்.

அந்த வாரச் செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். அந்தப் பொருளில் அமைச்சர் வெளியில் பேசியது, அவருக்கு முன்பிருந்த அமைச்சர் அவையில் சொன்னது, இரண்டும் உங்கள் பதிலோடு முரண்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் அமைச்சகம் தந்த பதில்களையும் பார்த்துவிடுங்கள். உறுப்பினர் கையில் அந்தத் தாள் இருக்கலாம்.

பாதகமான உண்மைகளை மறைக்காதீர்கள். திட்டம் தாமதமாகிறது, ஒதுக்கிய பணம் செலவாகவில்லை என்றால் அதைக் குறிப்பில் முதலிலேயே எழுதி, காரணத்தையும் எழுதுங்கள். அமைச்சருக்குப் பிடிக்காது என்று கீழே உள்ளவர்கள் இதைத்தான் முதலில் நீக்குவார்கள். அவையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

7. ஒப்புதல், இந்தி, அனுப்புதல்

பொதுவாக நட்சத்திரக் கேள்வியின் பதில் செயலாளர் வழியாக அமைச்சருக்குப் போகும். குறியில்லாதது இணை அமைச்சர் அளவில் முடியும். உங்கள் அமைச்சகத்தில் வேலைப் பங்கீடு எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் போக வேண்டும். வரைவு பிரிவுத் தலைவர் கையைத் தாண்டியதுமே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள், அமைச்சரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். திருத்தம் வந்தால் அந்த வரிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் திருத்தம் இரண்டு மொழியிலும் ஏறியதா என்று ஒருவர் ஆங்கிலத்தைப் படிக்க, இன்னொருவர் இந்தியைப் பார்க்கச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் 112, இந்தியில் 121 என்று போனால் இரண்டுமே அதிகாரபூர்வப் பதில்தான்.

பதில் முந்தைய வேலை நாளிலேயே செயலகத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும். அவையில் சொல்லப்படும் வரை அல்லது மேசையில் வைக்கப்படும் வரை அது ரகசியம். பத்திரிகை நண்பருக்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேலைக்கே உலை வைக்கும்.

8. அவை நாள்

காலையில் முதல் வேலையாக மாறும் எண்களைப் புதுப்பியுங்கள். நம் உதாரணத்தில் கொழும்பிலிருந்து அன்றைய எண்ணிக்கை. அச்சான பதில் பழைய தேதியோடு அப்படியே இருக்கட்டும். புதிய எண் அமைச்சரின் முதல் தாளில் கையால் எழுதப்பட்டால் போதும்.

அதிகாரிகள் மாடத்தில் பொருள் தெரிந்தவர் உட்கார வேண்டும். பதவியில் மூத்தவர் மட்டும் போய் உட்கார்ந்தால், எதிர்பாராத கேள்வி வரும்போது சீட்டில் எழுதி அனுப்ப ஆள் இருக்காது. சீட்டில் ஒரு வரி, ஒரு எண், அவ்வளவே.

நீங்கள் அங்கே இருப்பதன் இன்னொரு காரணம்: அமைச்சர் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு "பார்க்கிறேன்", "அனுப்பி வைக்கிறேன்" என்பதையும் குறித்துக்கொள்ள. மாலைக்குள் அந்தப் பட்டியல் உரிய பிரிவுகளுக்குப் போய்விட வேண்டும். அவை நடவடிக்கைக் குறிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டு வாரம் வீணாகும்.

9. பதிலில் தவறு இருந்தது என்று பிறகு தெரிந்தால்

மூடி மறைக்க நினைக்காதீர்கள். திருத்த அறிக்கை வைக்க நடைமுறை இருக்கிறது. அமைச்சர் ஒப்புதலோடு செயலகத்துக்குத் தெரிவித்து, திருத்தப்பட்ட பதிலை அவையில் வைக்கலாம். தாமதமாகத் திருத்தினால் தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தை எழுதுவது பதிலை எழுதுவதைவிடக் கஷ்டம், அதனால் கண்ட அன்றே மேலே சொல்லிவிடுங்கள்.

10. உறுதிமொழிகள்

கேள்வி நாள் முடிந்ததும் பதிவேட்டை மூடிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அவை நடவடிக்கைகளை வரி வரியாகப் படித்து, உறுதிமொழி என்று தோன்றுபவற்றைப் பிரித்தெடுத்து உங்களுக்கு அனுப்பும். 2018 முதல் இது இணையவழி நடக்கிறது. பதில் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் கெடு. கடிதம் உங்களுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இதைப் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள்.

வந்தவுடன் மூன்றில் ஒன்றை முடிவுசெய்யுங்கள். நிறைவேற்ற முடியுமா? அப்படியானால் நிறைவேற்றியதைச் சொல்லும் அறிக்கையைத் தயாரித்து, இரண்டு மொழியிலும் விவகார அமைச்சகத்துக்கு அனுப்புங்கள். அவை மேசையில் வைப்பது அவர்கள் வேலை. நேரம் போதாதா? கெடு முடிவதற்கு முன்பே, அமைச்சரின் ஒப்புதலோடு, காரணம் காட்டி அந்த அவையின் உறுதிமொழிக் குழுவிடம் நீட்டிப்பு கேளுங்கள். நிறைவேற்றவே முடியாதா? கைவிடக் கோரலாம், குழு ஏற்றால்தான் அது முடியும்.

மக்களவையின் உறுதிமொழிக் குழுவில் 15 உறுப்பினர்கள், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். நிலுவை நீண்டால் உங்கள் செயலாளரையே அழைத்து உட்காரவைத்துக் கேட்பார்கள். "பொருள் நீதிமன்றத்தில் உள்ளது", "மாநிலங்களின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒரே காரணத்தை ஐந்தாம் முறையும் எழுதி அனுப்பினால் குழு எரிச்சல்படுவது நியாயம்தான். ஒவ்வொரு நீட்டிப்புக் கடிதத்திலும் போன முறைக்குப் பிறகு என்ன நடந்தது என்று தேதியோடு இரண்டு வரி எழுதுங்கள். பாதி வேலை முடிந்திருந்தால் முடிந்த அளவுக்கு நிறைவேற்றியதைச் சொல்லும் அறிக்கை அனுப்புங்கள்.

"இது உறுதிமொழியே இல்லை" என்று வாதாட வேண்டியிருந்தால் உடனே செய்யுங்கள். இரண்டு ஆண்டு நீட்டிப்பு வாங்கிவிட்டு அப்புறம் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

11. கேள்வி அல்லாத மற்றவை

சுருக்கமாக. மக்களவையில் விதி 377-இன் கீழ் எழுப்பப்படும் விஷயங்களுக்கும் மாநிலங்களவையின் சிறப்புக் குறிப்புகளுக்கும் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் போக வேண்டும். கேள்விகளின் சத்தத்தில் இவை காணாமல் போகும், தனிப் பதிவேடு வையுங்கள். உறுப்பினர்களின் கடிதங்களுக்கு 15 நாளில் பெற்றுக்கொண்டதாகத் தகவல், அடுத்த 15 நாளில் பதில். துறைசார் நிலைக்குழு அறிக்கைகளுக்கு மூன்று மாதத்தில், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பு.

உங்கள் அமைச்சகத்தின் கீழ் உள்ள தன்னாட்சி அமைப்புகளின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், அவை மேசைக்கு வர வேண்டும். தாமதமானால் காரண அறிக்கையும் கூடவே. செப்டம்பரிலேயே அந்த அமைப்புகளுக்கு நினைவூட்டு எழுதுங்கள். டிசம்பரில் எழுதினால் மொழிபெயர்ப்பு நடக்கிறது என்றுதான் பதில் வரும்.

12. கூட்டத்தொடர் முடிந்த வாரம்

மூன்று கோப்புகளைத் தயார்செய்யுங்கள்: தந்த பதில்கள் பொருள் வாரியாக, துணைக் கேள்விகளாக உண்மையில் என்ன கேட்டார்கள் என்ற பட்டியல், நிலுவை உறுதிமொழிகள் கெடுத் தேதியோடு. இரண்டாவது கோப்பை யாரும் வைப்பதில்லை. அடுத்த கூட்டத்தொடரில் குறிப்பு எழுத அதைவிட உதவுவது வேறு இல்லை.

மக்களவை கலைந்தால் கேள்வி அறிவிப்புகள் காலாவதியாகிவிடும். உறுதிமொழிகள் ஆகாது, புதிய அவையின் குழு அதே பட்டியலை எடுத்துக்கொண்டு கேட்கும். எனவே மாற்றலாகிப் போகும்போது உங்கள் இடத்துக்கு வருபவரிடம் மூன்றாவது கோப்பைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் புது இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது "சார், 2022-ல நீங்க எழுதின அந்தப் பதில்..." என்று தொலைபேசி வரும். எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.